எல்சி3 பேண்டும் ஏறுது, பி62-உம் ஏறுது: ஆட்டோஃபேஜி நடக்குதா, அடைபட்டிருக்கா?

ராணிப்பேட்டை_பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். ஆறு இணைதிறன் குரோமியம் நுரையீரல் செல்லில் ஆட்டோஃபேஜியை, அதாவது செல் தன் கழிவைச் சவ்வுப் பையில் வாரி லைசோசோம் என்ற செரிமான அறையில் அழிக்கிற வேலையை, என்ன பண்ணுது என்பதுதான் என் எம்எஸ்சி பிராஜெக்ட் தலைப்பு. ராணிப்பேட்டையில் குரோமியக் கழிவு கிடக்கிறதால எங்க ஊர்க்காரங்களுக்கு ஏன் இந்தத் தலைப்புன்னு சொல்லத் தேவையில்லை.

செல் லைன் ஏ549. பொட்டாசியம் டைகுரோமேட் 2, 5, 10 மைக்ரோமோலார், சீரம் இல்லாத மீடியா, 24 மணி நேரம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாப் பிரிச்சு ஆன்டிபாடியால் பேண்டாகக் காட்டும் முறை) டோஸ் ஏற ஏற எல்சி3-இரண்டு பேண்ட், அதாவது பையின் சவ்வில் ஒட்டின எல்சி3 புரதம், தடிக்குது. கழிவோட சேர்ந்து அழிய வேண்டிய பி62 புரதமும் கூடவே ஏறுது. ஆட்டோஃபேஜிக்கு வேண்டிய ஏடிஜி5 புரதத்துக்கான ஆன்டிபாடி போட்டால் 33 கிலோடால்டனில் எதுவுமே இல்லை, 55 பக்கம் ஒரே பேண்ட், அதுவும் எல்லா டோஸிலும் ஒரே மாதிரி.

லேபில் பாதிப் பேர் "எல்சி3-இரண்டு கூடிச்சு, ஆட்டோஃபேஜி தூண்டப்பட்டிருக்கு, எழுதிடு" என்கிறாங்க. மீதிப் பேர் "அப்போ பி62 குறையணுமே?" என்கிறாங்க. ஏடிஜி5 ஆன்டிபாடியை மாத்தணுமா? இன்னொரு அடிப்படைச் சந்தேகம்: எல்சி3, ஏடிஜி12 இரண்டும் யுபிக்விட்டின் (அழிக்க வேண்டியதன் மேல ஒட்டுற அடையாளப் புரதம்) போன்ற புரதங்கள்னு புத்தகத்தில் இருக்கு. அப்படின்னா எல்சி3-உம் குப்பை மேல ஒட்டுற அடையாளம்தானா?

ஈஸ்ட்_தாத்தா

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற குழப்பங்கள் பாதி அங்கேதான் பிறக்கின்றன.

"யுபிக்விட்டின் போன்ற" என்பது வேலையைக் குறித்த பெயர் அல்ல. மடிப்பையும் ஒட்டும் முறையையும் குறித்த பெயர். யுபிக்விட்டின் 76 அமினோ அமிலம் கொண்டது, கடைசியில் கிளைசின். ஒரு ஈ1 நொதி ஏடிபி செலவழித்து அந்தக் கிளைசினைத் தன் சிஸ்டீனில் தயோஎஸ்டராகப் பிடித்துக்கொள்ளும், ஈ2-வுக்குக் கைமாற்றும், ஈ3-யின் உதவியோடு அது இலக்குப் புரதத்தின் லைசினில் போய்ச் சேரும். எல்சி3, ஏடிஜி12 இரண்டின் அமினோ அமில வரிசையை யுபிக்விட்டினோடு வைத்துப் பார்த்தால் ஒற்றுமை என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. முப்பரிமாண மடிப்பு மட்டும் அதே பீட்டா-கிராஸ்ப். எல்சி3 குடும்பத்துக்கு முன்பக்கம் கூடுதலாக இரண்டு ஹெலிக்ஸ் உண்டு.

ஆட்டோஃபேஜியில் இப்படிப்பட்ட தொடர்கள் இரண்டு ஓடுகின்றன. இரண்டுக்கும் ஈ1 ஒன்றுதான்: ஏடிஜி7.

முதல் தொடர்: ஏடிஜி12 → ஏடிஜி7 → ஏடிஜி10 → ஏடிஜி5-இன் 130-ஆவது லைசின். ஏடிஜி12 பிறக்கும்போதே கடைசியில் கிளைசினோடு பிறக்கிறது, வெட்டிக் கொடுக்க யாரும் வேண்டாம். ஒட்டிய பிறகு பிரித்தெடுக்கும் நொதி எதுவும் தெரியவில்லை, ஒட்டியது ஒட்டியதுதான். ஏடிஜி12 புரதம் உருவாகி ஏறக்குறைய உடனேயே ஏடிஜி5-உடன் சேர்ந்துவிடுகிறது. பட்டினி போட்டாலும் போடாவிட்டாலும் அளவு மாறாது. ஆகவே உங்கள் ஆன்டிபாடி சரியாகத்தான் இருக்கிறது. 33-இல் தனி ஏடிஜி5 தெரியாததும், 55-இல் இணைந்த ஜோடி தெரிவதும், அது டோஸுக்கு அசையாததும்தான் இயல்பு. "ஏடிஜி5 கூடியது, எனவே ஆட்டோஃபேஜி கூடியது" என்று எழுதும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

இரண்டாம் தொடர்: எல்சி3பி 125 அமினோ அமிலமாகப் பிறக்கும். ஏடிஜி4 என்ற சிஸ்டீன் புரோட்டியேஸ் வாலில் ஐந்தை நறுக்கி 120-ஆவது கிளைசினை வெளியே கொண்டுவரும். அதுதான் எல்சி3-ஒன்று. பிறகு ஏடிஜி7, ஏடிஜி3. கடைசியில் அது போய் ஒட்டுவது புரதத்தில் அல்ல, சவ்வின் கொழுப்பில்: பாஸ்ஃபாட்டிடைல் எத்தனாலமைன். அதுதான் எல்சி3-இரண்டு. ஒட்டும் இடத்தைக் காட்டிக் கொடுப்பது முதல் தொடரில் உருவான ஏடிஜி12–ஏடிஜி5 ஜோடி. அது ஏடிஜி16எல்1-உடன் சேர்ந்து ஈ3 வேலை பார்க்கிறது. ஆக, ஒரு யுபிக்விட்டின் போன்ற புரதம் இன்னொன்றை ஒட்டவைக்கும் கருவியின் உறுப்பாகிறது. ஜப்பானிய ஆய்வாளர் யோஷினோரி ஓசுமியின் ஆய்வகம் 1998-இல் முதல் தொடரையும் 2000-இல் இரண்டாம் தொடரையும் ஈஸ்டில் வெளியிட்டது. அவருக்கு நோபல் 2016-இல்.

எனவே, எல்சி3 குப்பையின் மேல் ஒட்டும் சீட்டு அல்ல. குப்பையை வாரப்போகும் பையின் மேல் இருக்கும் கொக்கி. சீட்டு உண்மையான யுபிக்விட்டின்தான். சீட்டையும் கொக்கியையும் சேர்த்துப் பிடிப்பது பி62: அதன் வால்பகுதியான யுபிஏ யுபிக்விட்டினைப் பிடிக்கும், நடுவில் உள்ள எல்ஐஆர் என்ற சிறு துண்டு எல்சி3-ஐப் பிடிக்கும்.

இதில் உங்கள் பிளாட்டுக்கு முக்கியமான ஒன்று உண்டு. அதே ஏடிஜி4 எல்சி3-இரண்டைக் கொழுப்பிலிருந்து வெட்டி விடுவிக்கவும் செய்யும். பையின் வெளிச்சவ்வில் உள்ளதை ஏடிஜி4 மீட்டெடுக்கிறது. உள்சவ்வில் உள்ளது லைசோசோமுக்குள் போய் அழிகிறது. ஒரு பக்கம் வரவு, இரண்டு பக்கம் செலவு. நீங்கள் பார்க்கும் பேண்ட் அந்த நேரத்துக் கையிருப்பு. கையிருப்பு கூடினால் வரவு கூடியதா, செலவு நின்றதா என்று பேண்ட் சொல்லாது.

ஜெல்_ஓட்டி

தாத்தா சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டு பிளாட் பக்கம் வர்றேன்.

உங்களுக்கு வேண்டியது நாலு லேன்: கன்ட்ரோல், கன்ட்ரோல் + பாஃபிலோமைசின், குரோமியம், குரோமியம் + பாஃபிலோமைசின். செல்லை எடுக்கிறதுக்கு முன்னாடி கடைசி 2 மணி நேரம் மட்டும், லைசோசோமின் அமிலப் பம்பை நிறுத்துற பாஃபிலோமைசின் ஏ1, 100 நானோமோலார். லைசோசோம் பக்கச் செலவை அடைச்சுட்டு எவ்வளவு சேருதுன்னு பார்க்கிறோம். பாஃபிலோமைசின் போட்ட அளவிலிருந்து போடாத அளவைக் கழிச்சா அதுதான் ஃபிளக்ஸ், அதாவது அந்த நேரத்துல நிஜமா ஓடின ஆட்டோஃபேஜி.

கற்பனை எண்ணில் சொல்றேன். கன்ட்ரோல் 1, கன்ட்ரோல்+பாஃப் 4: ஃபிளக்ஸ் 3. குரோமியம் 3, குரோமியம்+பாஃப் 9: ஃபிளக்ஸ் 6, தூண்டல். அதே குரோமியம் 3, குரோமியம்+பாஃப் 3.2 வந்தா: ஃபிளக்ஸ் 0.2, அடைப்பு. பாஃப் இல்லாத லேனில் இரண்டு நிலையிலும் அதே 3-தான். இப்போ உங்க கையில இருக்கிறது அந்த 3 மட்டும்.

எல்சி3-இரண்டை எல்சி3-ஒன்றால் வகுக்காதீங்க. ஆக்டின் அல்லது டியூபுலினால் வகுங்க. எல்சி3-ஒன்று ரொம்ப நொய்ஞ்சது, உறையவைச்சு உருக்கினாலே குறையும். நிறைய ஆன்டிபாடிகள் எல்சி3-இரண்டைத்தான் இன்னும் நல்லாப் பிடிக்குது. ரெண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடியாது.

கைவேலையில எங்கெங்க கெடும்னு வரிசையா:

லைசேட். ட்ரைட்டான் போட்டு சுழற்றி மேல்நீரை மட்டும் எடுத்தா, திரண்டுபோன பி62 பெல்லட்டிலேயே உட்கார்ந்துடும். "பி62 குறைஞ்சிருக்கு"ன்னு தோணும், குறைஞ்சிருக்காது. தட்டிலேயே 1% எஸ்டிஎஸ் பஃபரை நேரா ஊத்திச் சுரண்டுங்க, 95 டிகிரியில் 5 நிமிஷம், டிஎன்ஏ பிசுபிசுப்பு போக 26 கேஜ் ஊசியில பத்து தடவை இழுத்து விடுங்க. இதுல இன்னொரு லாபம், ஏடிஜி4 அந்த நொடியே செத்துடும். மென்மையான பஃபர்தான் வேணும்னா என்-எத்தில்மேலியமைடு 20 மில்லிமோலார் புதுசாப் போடுங்க; இல்லைன்னா டியூபுக்குள்ளேயே எல்சி3-இரண்டை ஏடிஜி4 வெட்டிக்கிட்டு இருக்கும். டிடிடி-யை அதுக்கப்புறம்தான் சேர்க்கணும். முன்னாடி சேர்த்தா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். புரத அளவுக்கு பிசிஏ, பிராட்ஃபோர்டு வேண்டாம், எஸ்டிஎஸ் அதைக் கெடுக்கும். டிடிடி-யும் நீலச் சாயமும் அளவெடுத்த பிறகு.

ஜெல். 15%. 10 மில்லிக்கு: தண்ணி 2.3, 30% அக்ரிலமைடு 5, 1.5 மோலார் டிரிஸ் பிஎச் 8.8 2.5 மில்லி, 10% எஸ்டிஎஸ் 0.1, 10% ஏபிஎஸ் 0.1, டெமெட் 4 மைக்ரோலிட்டர். அக்னி நட்சத்திர நேரத்துல வேலூர்ல ஏசி ஓடாத ரூம்ல இதை ஊத்தினா, ஊத்தி முடிக்கிறதுக்குள்ள இறுகிடும். இறுக்கம் ஒரே சீரா இருக்காது, பேண்ட் சிரிக்கும். ஏபிஎஸ், டெமெட் தவிர மத்ததைக் கலந்து ஐஸ்ல வெச்சுட்டு அப்புறம் அந்த ரெண்டையும் சேருங்க. லேனுக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம். சாய முனையை வெளியே ஓட விடாதீங்க, எல்சி3 அதுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு.

டிரான்ஸ்ஃபர். நிறைய பேர் கோட்டை விடுற இடம். மெம்பிரேன் 0.2 மைக்ரான் பிவிடிஎஃப். 0.45 போட்டா சின்னப் புரதம் ஊடுருவி மறுபக்கம் போயிடும். சந்தேகமா இருந்தா பின்னாடி இன்னொரு மெம்பிரேன் வெச்சுப் பாருங்க, தெரிஞ்சுடும். மெத்தனால் 20%, எஸ்டிஎஸ் வேண்டாம், 100 வோல்ட்டில் 60 நிமிஷம், தொட்டிக்குள்ள ஐஸ் கட்டி. மின்வெட்டு பயம் இருக்கிற நாள்ல இதைத் தொடங்காதீங்க. பாதியில நின்னு மறுபடி ஓடின பிளாட்டை அளவெடுக்கிறது வீண்.

ஸ்ட்ரிப் பண்ணின மெம்பிரேனில் எல்சி3 பார்க்காதீங்க. 30 கிலோடால்டன் கிட்ட மெம்பிரேனை வெட்டி, கீழ்த்துண்டை எல்சி3-க்கு, மேல்துண்டை பி62-க்கு.

ராணிப்பேட்டை_பொண்ணு

ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சின்னச் சந்தேகம். எல்சி3-இரண்டில் கொழுப்பு கூடுதலா ஒட்டியிருக்கு, எடை கூடுதல். அது ஏன் எல்சி3-ஒன்றுக்குக் கீழே ஓடுது? லேபில் ஒருத்தர் லேபிளை மாத்திப் போட்டுட்டார்.

ஈஸ்ட்_தாத்தா

கொழுப்பு வால் தண்ணீரை வெறுப்பது. எஸ்டிஎஸ்-ஐக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. எதிர்மின் சுமை கூடுவதால் வேகமாக ஓடுகிறது. 18-க்கும் 16-க்கும் கிலோடால்டன் பக்கத்தில் மேலே இருப்பது எல்சி3-ஒன்று, 16-க்கும் 14-க்கும் நடுவில் கீழே இருப்பது எல்சி3-இரண்டு. லேபிளை உடனே மாற்றுங்கள்.

வாலாஜா_வாசி

பாஃபிலோமைசின் எல்லாம் பெரிய லேப் சமாச்சாரம். லைசோசோமை அடைக்க மலேரியா மருந்தான குளோரோகுயின் 50 மைக்ரோமோலார் போட்டாலே போதுமே. விலையும் ஒன்றுமில்லை, தண்ணீரில் கரையும். வருஷக்கணக்கா எல்லாரும் அதைத்தானே போடறாங்க?

ஜெல்_ஓட்டி

விலைக் கணக்கைப் போட்டே பார்த்துடலாம். பாஃபிலோமைசின் மூலக்கூறு எடை 622.8. 100 மைக்ரோகிராம் குப்பியில 1.6 மில்லி டிஎம்எஸ்ஓ ஊத்தினா 100 மைக்ரோமோலார் ஸ்டாக். ஆறு வெல் தட்டில் வெல்லுக்கு 2 மில்லி மீடியா, அதுக்கு 2 மைக்ரோலிட்டர். ஒரே குப்பி 800 வெல் வரும். குப்பி விலையைப் பார்த்துப் பயப்படறவங்க வெல் விலையைப் பார்க்கிறதில்லை. 50 மைக்ரோலிட்டரா பிரிச்சு மைனஸ் 20-ல வெளிச்சம் படாம வைங்க. டிஎம்எஸ்ஓ 18 டிகிரியிலேயே உறையும், அதனால முழுசா உருகினதும் தட்டிக் கலந்துட்டு எடுங்க. பாதி உருகினதை எடுத்தா டோஸ் தப்பும்.

சத்துவாச்சாரி_செல்

விலையை விடுங்க, குளோரோகுயினில் வேறொரு சிக்கல் இருக்கு.

எல்சி3 ஒட்டுவது ஆட்டோஃபேகோசோமில் மட்டும் இல்லை. லைசோசோம், என்டோசோம் மாதிரி ஒற்றைச் சவ்வுகளிலும் ஒட்டும். அந்த வழிக்கு ஆட்டோஃபேஜியைத் தொடங்கும் ஃபிப்200, ஏடிஜி13 எதுவும் தேவையில்லை. லைசோசோமின் அமிலப் பம்பான வி-ஏடிபேஸ் நேராக ஏடிஜி16எல்1-இன் டபிள்யூடி40 பகுதியை அழைக்கும். அப்புறம் அதே ஏடிஜி7, ஏடிஜி3, அதே ஈ3. ஜெல்லில் இரண்டும் ஒரே இடத்தில் ஓடும்.

குளோரோகுயின் லைசோசோமை ஊதவைத்து இந்தப் பக்கவழியைத் தானே தூண்டும். பாஃபிலோமைசின் இதைத் தடுக்கும். ஆக, குளோரோகுயின் போட்டுப் பேண்ட் கூடினால் அதில் எவ்வளவு ஆட்டோஃபேஜி, எவ்வளவு குளோரோகுயினே உண்டாக்கியது என்று பிரிக்க முடியாது.

இதில் மறுபக்கமும் கவனிங்க. குரோமியம் லைசோசோமைக் காயப்படுத்தி இந்தப் பக்கவழியைத் திறக்கிறதா இருந்தால், பாஃபிலோமைசின் சேர்த்ததும் எல்சி3-இரண்டு *குறையலாம்*. நாலு லேனில் அப்படி ஒரு விடை வந்தால் தூக்கிப் போட்டுடாதீங்க. ஃபிப்200 இல்லாத செல்லில் அதே டோஸ் கொடுங்க. அங்கேயும் எல்சி3-இரண்டு ஏறினால் அது ஆட்டோஃபேஜி இல்லை. ஏடிஜி16எல்1-இல் கே490ஏ மாற்றம் உள்ள செல் கிடைத்தால் தலைகீழ்ச் சோதனை: பக்கவழி மட்டும் அடைபடும், ஆட்டோஃபேஜி நடக்கும்.

வாலாஜா_வாசி

சரி, குளோரோகுயினை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனால் எம்எஸ்சி பிராஜெக்ட்டுக்கு ஃபிப்200 நாக்அவுட் எங்கே போய் வாங்குவது? கையில் இருக்கிறதை வைத்துச் சொல்லுங்க சார்.

சத்துவாச்சாரி_செல்

முதல் கட்டத்துக்கு வேண்டாம்தான். நாலு லேன் விடை குழப்பினால் மட்டும். நெகட்டிவ் கன்ட்ரோல் மலிவாக வேண்டுமென்றால் டியு145 செல் லைன். அதில் ஏடிஜி5 மரபணுவில் ஸ்ப்ளைசிங் கோளாறு, எல்சி3-இரண்டே வராது. அந்த லைசேட்டை ஒரு லேனில் ஓட்டினால் "கீழே தெரிகிற பேண்ட் நிஜமாக எல்சி3-இரண்டுதானா" என்ற கேள்வி தீர்ந்தது. எஸ்ஐஆர்என்ஏ-வால் ஏடிஜி5-ஐ அடக்குவதை நான் சொல்ல மாட்டேன். துளி மிஞ்சினாலும் அந்த ஜோடி வேலையைப் பார்த்துவிடும், பிறகு "ஏடிஜி5 தேவையில்லை" என்று தப்பாக முடிவெடுப்பீங்க.

குரோம்_கணக்கு

செல் ஆட்கள் எல்லாம் பேசியாச்சு. வேதியியல் பக்கம் யாரும் தொடவில்லை.

ஒன்று. டைகுரோமேட் ஒரு மூலக்கூறில் குரோமியம் இரண்டு. உங்கள் 5 மைக்ரோமோலார் டைகுரோமேட் என்பது 10 மைக்ரோமோலார் குரோமியம். கட்டுரைகளோடு ஒப்பிடும்போது அவர்கள் உப்பைச் சொல்கிறார்களா, உலோகத்தைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். நீங்கள் உலோகக் கணக்கில் எழுதுங்கள். 14.71 மில்லிகிராம் டைகுரோமேட்டை 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் குரோமியம் 10 மில்லிமோலார் ஸ்டாக். 0.22 மைக்ரான் வடிகட்டி. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்: கையுறை கட்டாயம், கழிவு தனி டப்பாவில். சிங்க்கில் ஊற்றினால் மறுபடி நம் ஊர் நிலத்துக்குத்தான் வரும்.

இரண்டு. தோல் பதனிடும் தொட்டியில் போடுவது மூன்று இணைதிறன் குரோமிய உப்பு. அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ராணிப்பேட்டையில் மலையாகக் கிடப்பது குரோமேட் தயாரித்த ஆலைக் கழிவு, அதில் ஆறு இணைதிறன் உண்டு. இது சல்ஃபேட் போன்ற வடிவம் என்பதால் அயனி வாயில்கள் வழியே உள்ளே போய்விடும். உள்ளே போனபின் மூன்றாக ஒடுங்கும்போதுதான் ஆக்சிஜன் ராடிக்கல்கள் வருகின்றன. முன்னுரையில் "தோல் கழிவில் உள்ள ஆறு இணைதிறன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள், வைவாவில் பிடித்துக்கொள்வார்கள்.

மூன்று. உடலில் ஆறு இணைதிறனை ஒடுக்குவதில் முதல் கை அஸ்கார்பேட். வளர்ப்புத் தட்டில் உள்ள செல்களில் அது கிட்டத்தட்டக் கிடையாது. குளூட்டாதியோன்தான் அந்த வேலையைச் செய்யும். உடலில் நடப்பதும் தட்டில் நடப்பதும் ஒன்று என்று எழுத வேண்டாம்.

நான்கு. டோஸ் தேர்வு. எம்டிடி என்ற செல் உயிர்ப்புச் சோதனை மட்டும் போதாது, அது செல் எண்ணிக்கையை அல்ல, ஒடுக்கும் திறனை அளக்கிறது. இறந்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிப்பான் நீலம் வைத்து எண்ணுங்கள். 90% உயிரோடு இருக்கும் டோஸில் ஆட்டோஃபேஜி பாருங்கள். பாதி செல் சாகும் டோஸில், செல் சாவை நடத்தும் கேஸ்பேஸ் நொதிகள் ஆட்டோஃபேஜி புரதங்களையே வெட்டிக்கொண்டிருக்கும்.

சத்துவாச்சாரி_செல்

குரோம்_கணக்கு சார் ஆக்சிஜன் ராடிக்கல் என்று சொன்னதும் பி62 புதிர் பாதி அவிழ்ந்தது.

பி62 அளவு ஆட்டோஃபேஜியால் மட்டும் தீர்மானமாவதில்லை. ஆக்சிஜன் அழுத்தம் வந்தால் கீப்1 புரதத்தின் பிடி தளர்ந்து, மரபணுக்களை இயக்கும் என்ஆர்எஃப்2 புரதம் நியூக்ளியஸுக்குள் போகும். அது இயக்கும் மரபணுக்களில் பி62-உம் ஒன்று. பி62 கூடினால் அது கீப்1-ஐப் பிடித்து இழுத்து என்ஆர்எஃப்2-வை இன்னும் அவிழ்த்துவிடும். ஆக, ஆட்டோஃபேஜி ஜோராக நடந்துகொண்டிருக்கும்போதே பி62 ஏறலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் செல் லைன். ஏ549-இல் கீப்1 மரபணுவே பழுது. என்ஆர்எஃப்2 எப்போதும் விழித்தே இருக்கிறது, பி62 கன்ட்ரோலிலேயே உயரம். பி62-ஐ வைத்து ஆட்டோஃபேஜியை அளக்க இதைவிடப் பொருத்தமில்லாத நுரையீரல் செல்லைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பீஸ்-2பி என்ற மூச்சுக்குழாய் செல் லைன் கிடைக்கிறதா பாருங்க. மாற்ற முடியாவிட்டால் பி62 புரதத்தோடு அதன் எம்ஆர்என்ஏ-வையும் கியூபிசிஆரில் அளந்து பக்கத்தில் போடுங்க. எல்சி3பி எம்ஆர்என்ஏ-வையும் சேர்த்து. எம்ஆர்என்ஏ மூன்று மடங்கு ஏறியிருக்கும்போது புரதம் மூன்று மடங்கு என்றால், அதில் அடைப்புக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

இன்னொன்று, அந்த சீரம் இல்லாத மீடியா. 24 மணி நேரம் சீரம் எடுத்தால் கன்ட்ரோலே பட்டினி. ஏற்கெனவே ஆட்டோஃபேஜி ஓடுகிற செல்லில் குரோமியம் கூட்டியது என்ன என்று பார்க்கிறீங்க. சீரத்தை 10%-இலேயே வைத்துச் செய்யுங்க. பட்டினி வேண்டுமென்றால் அதைத் தனி லேனாக, ஈபிஎஸ்எஸ் என்ற உப்புக் கரைசலில் 2 மணி நேரம், பாஸிட்டிவ் கன்ட்ரோலாக வைங்க.

பாலாற்று_பேத்தாலஜி

நோயாளித் திசு பக்கமிருந்து இரண்டு வார்த்தை. எல்சி3, பி62 இரண்டுக்கும் பாரஃபின் கட்டையில் ஸ்டெயின் போட்டுத் தரச் சொல்லி ஆராய்ச்சி மாணவர்கள் கேட்பதுண்டு. அதில் ஃபிளக்ஸ் தெரியாது. திசு இறந்த நொடியின் கையிருப்புதான். பி62-உம் யுபிக்விட்டினும் ஒரே திரளில் தெரிந்தால் "கழிவு வெளியேறவில்லை அல்லது உற்பத்தி மிகுதி" என்பதோடு நிறுத்த வேண்டும். கல்லீரலின் மாலரி-டெங்க் திரள்கள் அப்படி. ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்ட காலம் எடுத்தவர்களில் அரிதாக வரும் தசைநோயிலும் எல்சி3, பி62 இரண்டும் புள்ளிபுள்ளியாகத் தெரியும். அங்கே லைசோசோம் அடைபட்டதுதான் காரணம் என்று தெரிந்திருப்பதால் விளக்கம் எளிது.

ஒட்டும் தொடரே பழுதானால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. ஏடிஜி5-இல் 122-ஆவது அமினோ அமிலம் மாறிய இரு உடன்பிறப்புகள் பற்றி 2016-இல் வெளிவந்தது: ஏடிஜி12 சரியாக ஒட்டவில்லை, குழந்தைகளுக்கு நடை தள்ளாட்டமும் வளர்ச்சித் தாமதமும். 2021-இல் ஏடிஜி7 இரு பிரதியும் பழுதான குடும்பங்கள் பற்றி வந்தது. இந்த ஈ1 இல்லாமலும் மனிதர் உயிர் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பு. கிரோன் நோயோடு தொடர்புள்ள ஏடிஜி16எல்1 டி300ஏ மாற்றம் ஒட்டும் வேதியியலைக் கெடுப்பதில்லை. கேஸ்பேஸ்-3 வெட்டுவதை எளிதாக்குகிறது.

ஈஸ்ட்_தாத்தா

மருத்துவர் சொன்ன வியப்புக்கு ஒரு துணைச் செய்தி. எல்சி3 குடும்பத்தில் மனிதருக்கு முக்கியமாக ஆறு பேர்: எல்சி3ஏ, பி, சி, கேபராப், கேபராப்-எல்1, எல்2. ஆறையும் நீக்கிய செல்லில்கூடப் பை உருவாகிறது. சிறியதாக உருவாகிறது, லைசோசோமோடு சேர்வதில்தான் பெரிய இடறல். அந்த இணைப்புக்குக் கேபராப் கிளைதான் அதிகம் உழைக்கிறது. நாம் எல்லோரும் எல்சி3பி ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பது ஆன்டிபாடி நன்றாக வேலை செய்வதால். அதுதான் முக்கியமானது என்பதால் அல்ல.

ராணிப்பேட்டை_பொண்ணு

அப்படின்னா புது திட்டம் இது. பீஸ்-2பி, அந்த செல்லுக்குரிய முழு மீடியா, குரோமியம் 0, 1, 2, 5 மைக்ரோமோலார் உலோகக் கணக்கில், 24 மணி நேரம். டிரிப்பான் நீலம் முதலில். 90% தேறின டோஸில் நாலு லேன், கூட ஈபிஎஸ்எஸ் ± பாஃப், ஒரு லேன் டியு145. எஸ்டிஎஸ் லைசேட். பி62, எல்சி3பி புரதமும் எம்ஆர்என்ஏ-வும். மூணு தனித்தனி வாரத்து செல்லில். அப்புறம் எல்சி3-ஐச் சிவப்பா (எம்செர்ரி), பச்சையா (ஜிஎஃப்பி) ஒளிரவைக்கிற எம்செர்ரி-ஜிஎஃப்பி-எல்சி3 பிளாஸ்மிட் ஒண்ணு பக்கத்து லேபில் இருக்கு, மைக்ராஸ்கோப்பிலும் பார்க்கலாமா?

சத்துவாச்சாரி_செல்

பார்க்கலாம். அமிலத்தில் ஜிஎஃப்பி அணையும், எம்செர்ரி அணையாது. மஞ்சள் புள்ளி இன்னும் லைசோசோமைச் சேராத பை, சிவப்புப் புள்ளி சேர்ந்தது. அடைப்பு என்றால் மஞ்சள் குவியும், சிவப்பு வராது.

மூன்று எச்சரிக்கை. டிரான்ஸ்ஃபெக்‌ஷனில் அளவு மீறிப் புரதம் வந்தால் சவ்வில் ஒட்டாமலேயே திரண்டு புள்ளியாகத் தெரியும். 120-ஆவது கிளைசினை அலனினாக மாற்றிய பிளாஸ்மிட்டைப் பக்கத்தில் போடுங்க. அது கொழுப்பில் ஒட்டவே முடியாது, அதிலும் புள்ளி தெரிந்தால் அது வெறும் திரள். இரண்டாவது, பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தினால் லைசோசோமின் அமிலம் கலைந்து அணைந்த ஜிஎஃப்பி கொஞ்சம் மீளும், சிவப்பு மஞ்சளாகிவிடும். முடிந்தால் உயிருள்ள செல்லில் பாருங்க, முடியாவிட்டால் நிலைநிறுத்திய அன்றைக்கே எல்லாத் தட்டையும் ஒரே இடைவெளியில் படம் எடுத்துடுங்க. மூன்றாவது, டிரான்ஸ்ஃபெக்‌ஷன் மருந்தே செல்லை அலைக்கழிக்கும். 48 மணி நேரம் விட்டு, அப்புறம் குரோமியம்.

ஜெல்_ஓட்டி

திட்டம் நல்லா இருக்கு. ஒண்ணு விட்டுப்போச்சு: பாஃப் இல்லாத எல்லா வெல்லுக்கும் அதே 2 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ, அதே கடைசி 2 மணி நேரத்துல. ஈபிஎஸ்எஸ் வெல்லுக்கும் சேர்த்து. பாஃபை மீடியா மாத்தாம நேரா விடுறதா இருந்தா வெல்லுக்கு வெல் ஆட்டிக் கலக்குங்க. டிஎம்எஸ்ஓ கனமா அடியில இறங்கி ஒரு மூலை செல்லை மட்டும் தாக்கும்.

ராணிப்பேட்டை_பொண்ணு

குறிச்சுக்கிட்டேன் அண்ணா. நாலு லேன் படம் வந்ததும் வெட்டாத முழு பிளாட்டா இங்கேயே போடறேன்.

வாலாஜா_வாசி

எக்ஸ்போஷர் இரண்டு மூணு அளவில் எடுத்துப் போடும்மா. பாஃப் லேன் பேண்ட் நிறைந்து வெளுத்திருந்தால் இங்கே யாராலும் கழித்தல் கணக்குப் போட முடியாது.